வாலிபர் ஞாயிறும் முதல் ஓலையும்

மத்திகிரி லுத்தரன் சபையில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு வாலிபர் சங்கத்தின் கைக்கு வரும். அன்றைக்கு மணியடிப்பது, வேதம் வாசிப்பது, ஞானப்பாட்டு தொடங்குவது எல்லாம் இளசுகள்தான். பிரசங்கமும் ஆசீர்வாதமும் மட்டும் சபைக் குருவான ஐயருக்கு. 1956-இல் அது மே மாதக் கடைசி ஞாயிறாக அமைந்தது. அறிவிப்பு வாசிக்கும் முறை பவுலினாவுக்கு.

பெண்பிள்ளை மேடையேறி வாசிப்பதா என்று மூப்பர்கள் முணுமுணுக்காமல் இல்லை. அவர்களில் ஒருவர் பவுலினாவின் அப்பா பிரகாசம். மாட்டுப் பண்ணையில் மேஸ்திரி. ஆனால் சங்கத்தின் செயலாளரே அவள்தானே, என்ன செய்வது! மூன்று வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்தி, பண்ணைக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். அதைப் பார்த்துத்தான் ஐயர் கடிதம் எழுதி, மிஷன் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் வாங்கித் தந்தார். ஜூன் பதினெட்டாம் தேதி போய்ச் சேர வேண்டும். அந்தத் தேதியை நினைத்தாலே அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

பிரகாசத்துக்கோ அது தொண்டையில் சிக்கிய முள். பெங்களூர் மில்லில் வேலை பார்க்கும் தேவசகாயம் என்ற பையனைப் பார்த்து வைத்திருந்தார்.

"ரெண்டு வருசம் பொறுத்துக்கப்பா," என்று பவுலினா கெஞ்சினாள். "படிப்ப முடிச்சுட்டு நீ காட்டற ஆளயே கட்டிக்கறேன்."

அப்பா பதில் பேசவில்லை. சரி, மனசு இளகிவிட்டது என்று அவள் நம்பினாள். கல்லில் நார் உரிக்க முடியுமா? அவர் பேசாமலே காரியத்தை முடித்துவிட்டார்.

ஐயருக்கு நாலு ஊர்ச் சபை. அன்று கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்குவதற்குள் இரண்டாம் மணி அடித்துவிட்டது. வாசலில் நின்ற பிரகாசம் மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"ஓலைங்க ஐயரே. ரெண்டு வூட்டுக்கும் சம்மதம்."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பேரைச் சபையில் சொல்வதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பேர். எப்போதும் அதை ஐயரே வாசிப்பார். பிரகாசமும் அதை நம்பித்தான் கொடுத்தார். ஐயரோ அங்கி மாட்டும் அவசரத்தில் பிரித்துக்கூடப் பார்க்காமல் மற்ற அறிவிப்புத் தாள்களோடு சேர்த்துப் பவுலினா கையில் திணித்துவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா?

பவுலினா வாசித்தாள். புதன்கிழமை பெண்கள் கூட்டம். சனிக்கிழமை கோயில் சுத்தம் செய்தல். அடுத்த தாளை எடுத்து, "முதலாம் ஓலை," என்று தொடங்கியபின்தான் கண் கீழே ஓடியது. பெங்களூர் தேவசகாயம். மத்திகிரி பிரகாசம் குமாரத்தி பவுலினா.

மூன்று ஓலையும் முடிய ஜூன் பத்து. அந்த வாரமே தாலி. பதினெட்டாம் தேதி அவள் பெங்களூரில் உலை வைத்துக்கொண்டிருப்பாள்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். கூடவே அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. தாளை மடித்துவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் எடுத்ததைப் பாதியில் விடக்கூடாது என்று சங்கத்துப் பிள்ளைகளை அதட்டி வைத்தவளே அவள்தான். தன் பேரைத் தானே உரக்க வாசித்தாள். பாய்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் தமிழிலும் தெலுங்கிலுமாகக் குசுகுசுப்பு கிளம்பியது. ஆண்கள் பெஞ்சில் பிரகாசம் பாதி எழுந்து நின்றார்.

"இவர்கள் இணைவதற்கு நியாயமான தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள்."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள். பவுலினா போகவில்லை.

"தடை இருக்குதுங்க ஐயரே," என்றாள். "பொண்ணு சம்மதிக்கல. அவளக் கேக்கவும் இல்ல."

"எறங்குடி கீழ! சபையில வெச்சு மானத்த வாங்கறியா?" என்று பிரகாசம் கத்தினார்.

ஐயர் எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "மூப்பரே, ரெண்டு வீட்டுக்கும் சம்மதம்னீங்களே. பொண்ணைக் கேட்டீங்களா?"

"பெத்தவன் நானு. என் வாக்குதான் அவ வாக்கு. எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கும் சம்மதந்தான். வேணும்னா அவ அம்மாவக் கேளுங்க!"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அற்புதமேரி இந்தக் கோயிலில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் தவிர வாய் திறந்ததில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பாயை விட்டு எழுந்தாள்.

"கேக்கலீங்க ஐயரே. அவளயும் கேக்கல, என்னயும் கேக்கல," என்றாள். "எனக்கு ஓலை வாசிச்ச அன்னிக்கும் யாரும் கேக்கல. இதே கோயில்லதான் தலையக் குனிஞ்சுக்கினு உக்காந்திருந்தேன்."

பிரகாசம் உட்கார்ந்துவிட்டார். ஐயர் ஓலையை இரண்டாகக் கிழித்தார்.

"மிச்சத்தை வாசிம்மா," என்றார்.

பவுலினா அடுத்த தாளைப் பார்த்தாள். கண் நிறைந்துபோய் ஓர் எழுத்தும் தெரியவில்லை. அம்மா இன்னும் உட்காரவில்லை.