பெண்கள் வாசல்

மௌலவி நஸீபுல்லாஹ்வுக்கு முன்னால் வைத்த கஹ்வா தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஊற்றிக் கொடுத்த தங்கை பக்த்மினா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் ஜெயித்த தேர்தல் செல்லாமல் போய்விட்டது. தொகுதியில் பெண்கள் வாக்கு பத்தில் ஒரு பங்குகூட விழவில்லை, மறுபடி நடத்து என்று தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. விழாததற்குக் காரணமே அவர்தான். இந்தத் தேர்தலுக்கு முந்தைய தேர்தலில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ மேடையேறி, "ஓட்டுச் சாவடிக்குப் போனவ புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்" என்று முழங்கியிருந்தார். அதைக் கேட்ட ஒருவன், ஒளிந்து போய் வாக்களித்த மனைவியின் மடியில் மூன்று கற்களை எறிந்து தலாக் சொன்னான். கைக்குழந்தையையும் பிடுங்கிக்கொண்டான். அன்றிலிருந்து ஊர்ப் பெண்கள் சாவடிப் பக்கமே போகவில்லை. தலாக் வாங்கியவள் பல்வாஷா, பக்த்மினாவின் மகள்.

"மௌலவி வீட்டுப் பொம்பளைங்க வந்தா ஊரே வரும். நீ முன்னால நட, பீபி" என்றார் தங்கையிடம்.

"அன்னிக்கு ஹராம். இன்னிக்கு?"

"காலம் மாறுது."

"காலமா மாறுச்சு, லாலா? ஒன் நாற்காலி ஆடுது." பாத்திரத்தை அண்ணன் முன்னால் நங்கென்று வைத்தாள். "பால் கட்டிக்கிட்டு எம் பொண்ணு அலறினா. ஒன் மைக்குச் சத்தத்துல ஒனக்கு எங்க கேட்டிருக்கும்? மேடையேறி, அன்னிக்குச் சொன்னது தப்புன்னு சொல்லு. நான் வர்றேன்."

வெள்ளிக்கிழமை மேடையேறினார். 'தப்பு' என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஒன்றைத் தப்பென்றால் மற்றதும் தப்பா என்று கேட்பார்களே என்று அங்கேயே நின்றுவிட்டது. "இக்கட்டு வந்தால் விலக்கப்பட்டதும் கூடும்; பெண்கள் ஓட்டுப் போடட்டும்" என்று சொல்லி இறங்கினார். பல்வாஷாவைத் தள்ளிவைத்தவன் வந்து அவர் கையை முத்தமிட்டான். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வாக்கு நாளன்று, பெண்களுக்கான சாவடியாக்கிய பள்ளிக்கூடத்தின் வாசலில் புர்காக்கள் திரண்டன. ஆண்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு இப்பால் அவரோடு நின்ற கட்சிச் செயலாளர் தில்பர் கான் சிரித்தான். "சீட்டு நம்மளுதுதான், மௌலவி சாஹிப்!"

அப்போது புர்காவில் இரு பெண்கள் வந்தார்கள். நடையிலேயே தங்கையை அடையாளம் கண்டு அவர் நெஞ்சு குளிர்ந்தது. இருவரும் உள்ளே போகவில்லை. வாசற்படியை அடைத்து உட்கார்ந்தார்கள். இளையவள் முகத்திரையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டாள்.

"போய் எழுப்புங்க, உங்க தங்கச்சிதானே!" தில்பர் பதறினான்.

மௌலவி கயிற்றைத் தூக்கிக் குனிந்தார். காவலர் குறுக்கே கை நீட்டினார். "மன்னிக்கணும் சாஹிப். ஆம்பளை போகக்கூடாதுன்னு எழுதி வாங்கினதே நீங்கதானே."

அங்கே வரிசையில் நின்ற ஒருத்தி பல்வாஷாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல மண்ணில் உட்கார்ந்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவள்.