அக்கா பேரில் இரண்டாவது சாவி

அந்த ஹோட்டல் ரிசப்ஷனில் மாற்றி மாற்றி நாலு பேர் வேலை பார்த்தார்கள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒருத்தியை மட்டும்தான். காலை ஆறு மணிக்கு அக்கா வந்து தன் பாஸ்வேர்டைத் தட்டித் திறப்பாள். அதோடு சரி. அடுத்த நாள் காலை வரை எவன் வந்து உட்கார்ந்தாலும் அவள் பேரில்தான் அறை கொடுப்பான், பில் போடுவான், கதவு திறக்கும் அட்டை அடிப்பான். ஆள் மாறும்போதெல்லாம் மூடித் திறந்தால் மூன்று நிமிடம் ஆகும். பெட்டியோடு நிற்கிறவன் மூன்று நிமிடம் பொறுப்பானா? மற்றவர்களுக்குப் பாஸ்வேர்டு என்று ஒன்று போடவே இல்லை. "அக்கா பேர்லயே ஓடட்டும்" என்பது அங்கே எழுதாத சட்டம்.

இதெல்லாம் ஒயருக்குத் தெரியும். ஒயர் என்பது ஆள். வைஃபை, நெட்வொர்க், கேமரா எல்லாம் அவன் பொறுப்பு என்பதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவன் அப்பா மூட்டை தூக்கினார், அவன் ஏணி தூக்கினான். எடைதான் குறைந்தது, ஏச்சு குறையவில்லை. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும் என்று ஒருமுறை மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தான். "நீ ஒயர மட்டும் பாருப்பா" என்றார். அன்றிலிருந்து ஒயரை மட்டும் பார்த்தான்.

திங்கட்கிழமை ஒரு பெண் தனியாக வந்து 214-ஆம் அறையில் தங்கினாள். யார் கேட்டாலும் நான் இங்கே இல்லை என்று அக்காவிடம் மெல்லச் சொன்னாள். அக்கா அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் குறித்தும் வைத்தாள். மறுநாள் மதியம் அந்தப் பெண்ணின் புருஷன் வந்தான். போனில் கல்யாணப் போட்டோவைக் காட்டினான், சிரித்தான், 214-க்கு இரண்டாவது அட்டையை வாங்கிக்கொண்டு மேலே போனான். சத்தம் கேட்டு ஆட்கள் ஓடுவதற்குள் அவள் தாடை எலும்பு இரண்டு துண்டு.

"உயிருக்கு ஒண்ணுமில்ல சார்" என்று மேனேஜர் முதலாளியிடம் நாலு தடவை சொன்னார், ஏதோ தான் குறுக்கே விழுந்து காப்பாற்றியதைப் போல.

புதன்கிழமை மேனேஜர் அறையில் எல்லோரையும் நிற்க வைத்தார் முதலாளி. "அட்டை அடிச்சது யாரு? எடுப்பா."

ஒயர் கம்ப்யூட்டரில் தேடி வாசித்தான். "நேத்து மதியம் ரெண்டு பத்து. 214, ரெண்டாவது அட்டை." நிறுத்தி, "அக்கா பேருங்க" என்றான்.

நேற்று இரண்டு பத்துக்கு அக்கா கீழ்த்தளத்துச் சாப்பாட்டு அறையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவித்த முட்டையைப் பாதியாக்கி அவன் டப்பா மூடியில் வைத்து, "குச்சி மாதிரி இருந்துக்கிட்டு ஏணி ஏறுற. தின்னு" என்றாள். அந்த அரைமணி நேரம் அவள் நாற்காலியில் தினமும் உட்காருகிறவர் மேனேஜர்.

"நான் சாப்பிடப் போயிட்டேங்க" என்றாள் அக்கா. "சார்தான் உக்காந்திருந்தாரு."

"நான் வந்தப்ப ரெண்டே காலும்மா" என்றார் மேனேஜர். "பழிய எம்மேல போடாத."

"எதுக்கு வாய்ச்சண்ட?" என்றார் முதலாளி. "தலைக்கு மேல கேமரா இருக்குல்ல? போட்டுக் காட்டு."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஒயர் முகத்திலும்தான். அந்தக் கேமரா குருடாகி மூன்று மாதம் ஆகிறது. மாடியில் ஒரு விருந்தாளி வைஃபை வரவில்லை என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். நெட்வொர்க் பெட்டியில் சொருக வேறு ஓட்டை இல்லை. கேமராவின் கேபிளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மாடி வைஃபை லைனைச் சொருகினான் ஒயர். இரண்டு நாளைக்குத்தானே என்று நினைத்து அப்படியே மறந்தான். மாதக் கடைசியில் மட்டும் 'எல்லாக் கேமராவும் வேலை செய்கிறது' என்ற தாளில் மறக்காமல் கையெழுத்துப் போட்டான். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"ரெக்கார்டு... டிஸ்க்குல கோளாறுங்க. நேத்தைக்கு எதுவும் பதியல."

"ஆமா சார்" என்று பாய்ந்து வந்தார் மேனேஜர். "போன வாரமே சொன்னான். நாந்தான் மறந்துட்டேன்."

போன வாரம் அவன் ஒன்றுமே சொல்லவில்லை. இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரம் முடிந்தது.

அக்கா ஒயர் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ எதிர்ல இருந்தியே. மணி என்னன்னு கேட்டதுக்கு ரெண்டு பத்துன்னு நீதான சொன்ன? சொல்லுப்பா."

முதலாளியும் பார்த்தார்.

"சாப்ட்டோங்க. மணி சரியா நெனவில்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க" என்றும் சேர்த்தான்.

அக்கா அழவில்லை. "அந்த முட்டைய முழுசா நானே தின்னிருக்கணும்" என்றாள்.

வேலை போய் அவள் லாக்கரைக் காலி செய்யப் போனதும், "அவ பேர இப்பவே எடுத்துடு" என்றார் முதலாளி. ஒயர் எடுத்தான்.

எடுத்த அடுத்த நிமிடம் ரிசப்ஷனில் கூச்சல். ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள், நாற்பது பேர். திரை மூடிக்கொண்டது. திறக்க வேறு ஒரு பேர் இல்லை. புதுப்பேர் போட்டுத் தர சாஃப்ட்வேர் கம்பெனிக்காரனுக்கு இரண்டு நாள் வேண்டுமாம். வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றார் முதலாளி. யார் உட்கார்ந்தாலும் அவள் பேர்தான் பதியும் என்பது இப்போது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மேனேஜரையே பார்த்தார்.

"சரி. ரெண்டு நாளைக்கு அவ பேர்லயே ஓடட்டும்" என்றார்.

எடுத்த பேரைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் அதற்கான எண் அக்காவின் போனுக்குத்தான் போகும். ஒயர் பின்வாசலுக்கு ஓடினான். அங்கே காவலாளி அவள் பையைக் கவிழ்த்துச் சோதித்துக்கொண்டிருந்தான். சீப்பு, மாத்திரை அட்டை, கழுவிய சாப்பாட்டு டப்பா எல்லாம் தரையில் கிடந்தன.

"அக்கா, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதக் குடுத்தாத்தான் வேல பாத்ததுக்குச் சர்டிபிகேட் தருவேன்னு மேனேஜர்..."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மணி என்னப்பா?"

போனைப் பார்த்தான். "மூணு இருபது."

"இது நல்லா நெனவிருக்கும்ல?"

சர்டிபிகேட் இல்லாவிட்டால் வேறு எந்த ஹோட்டலும் அவளை வாசலில்கூட நிறுத்தாது. குனிந்து டப்பாவைப் பொறுக்கிக்கொண்டே ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

உள்ளே வரிசை நகர்ந்தது. மேனேஜரே உட்கார்ந்து முதல் ஆளுக்கு அட்டை அடித்தார். கழுவித் துடைத்துத் தயாராக இருந்த 214. பிரிண்டரிலிருந்து சீட்டு வந்தது. மேலே மணி, மூன்று இருபத்தைந்து. கீழே, 'தங்களை அன்புடன் வரவேற்றவர்' என்று போட்டு, அக்காவின் பேர்.

ஒயர் அதைக் கிழித்து விருந்தாளியிடம் கொடுத்தான்.