பாலன் உடுப்பு

"பாலனை ஒரு துணியில சுத்திக் குடு" என்றாள் நாத்தனார். உள்ளே வரவில்லை. குடையைக்கூட மடக்காமல் நிலைப்படிக்கு வெளியே நின்றே கேட்டாள்.

தையற்காரியின் வாயில் குண்டூசிகள் இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள். காதில் விழுந்தது சரிதானா என்று யோசித்துக்கொள்ள அந்த நேரம் அவளுக்குத் தேவையாகவும் இருந்தது. தையல் மெஷினின் பலகை மேல், வெள்ளைச் சாட்டின் துணிக்கு நடுவே, கிறிஸ்துமஸ் குடிலில் கிடத்தும் மரத்துப் பாலன் இயேசு இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார்.

"இன்னும் துணியே வெட்டல அண்ணி. திருவருகைக் காலத்து மொதல் மெழுகுவர்த்தி ஏத்தி ரெண்டு நாள்தானே ஆகுது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கு."

"தைக்கிறத நீயே தை, யாரு வேண்டாம்னா? அளவு எடுத்துக்க. பாலன் மட்டும் என் வீட்ல இருக்கட்டும். மாட்டுறத என் மருமக மாட்டிக்குவா."

"ஏன் அண்ணி?"

நாத்தனார் தெருவைப் பார்த்தாள். கோயில் பங்கின் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி அவள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லாதவள். அவளே இப்போது குடைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. எல்லாத்தையும் என் வாயால சொல்லணுமா?"

சொல்லத் தேவையில்லைதான். தையற்காரியின் புருஷன் செத்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. செத்தவன் வேறு யாருமல்ல, இதோ வாசலில் நிற்கிறவளின் கூடப்பிறந்த தம்பி. சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுதவளைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தது இந்தத் தையற்காரிதான். துக்கம் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. தோஷம் மட்டும் ஒருத்திக்கு என்று ஊர் பிரித்துக் கொடுத்துவிட்டது.

பாலனுக்கு உடுப்பு தைக்கும் வேலை அவளுக்கு எப்படி வந்தது என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. கல்யாணமாகி மூன்று வருஷம் வயிறு திறக்காமல் இருந்தபோது, இதே நாத்தனார்தான் கோயிலிலிருந்து பாலனைத் தூக்கி வந்து அவள் மடியில் கிடத்தினாள். "நீ உடுப்பு தைச்சுப் போடு, அடுத்த வருஷம் உன் பிள்ளைக்குத் தைப்ப" என்றாள். அடுத்த வருஷம் வந்தது, அதற்கடுத்த வருஷமும் வந்தது, பிள்ளை வரவில்லை. வேலை மட்டும் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு திருவருகைக் காலத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரம், பாலன் அவள் வீட்டில் இருப்பார். ஊராருக்குப் பாவாடையும் சட்டையும் தைத்து முடித்து, முதுகு வலிக்க நிமிர்ந்த பிறகு, பாலனை மடியில் போட்டுக்கொள்வாள். வேறு எந்தக் குழந்தையும் அந்த மடியில் கிடந்ததில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதுமில்லை.

பிள்ளை இல்லாதவளாக இருந்தவரை அவள் கை பாலனுக்கு ஆகிற கையாக இருந்தது. இப்போது ஆகாமல் போய்விட்டது.

"உடுப்ப அவர் மேல வச்சுத்தான் தைக்கணும் அண்ணி. முன்னாடி ஒரு துண்டு, பின்னாடி ஒரு துண்டு. கை விரிஞ்சில்ல இருக்கு? முழுசா தைச்சா நுழையாது."

"அதெல்லாம் நுழையும்."

"அப்ப முதுகுல தொறந்து விட்டு பொத்தான் வைக்கிறேன்."

"பொத்தான் வைக்கிறதுக்கு அதென்ன பொம்மையா? எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே முழுசா தைச்சுக் கொண்டா. என் மருமகளுக்கு உண்டானது போன மழையில கலைஞ்சு போச்சு. இப்ப மறுபடியும் மாசமா இருக்கா. இந்த வருஷம் அவளும் என் மகனும்தான் பாலனத் தூக்கிட்டு வரப்போறாங்க. எதுவும் குறை வந்துடக் கூடாது. நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. நாத்தனாரின் கண்ணில் இருந்தது வெறுப்பில்லை, பயம். வெறுப்பாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பயந்தவளிடம் என்ன கேட்பது? தையற்காரி அளவு நாடாவை எடுத்தாள். பாலனின் தோள், மார்பு, உள்ளங்கால் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இருந்தும் மெதுவாக, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்தாள். பிறகு ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி, நிலைப்படியைத் தாண்டாமல் நீட்டினாள்.

நாத்தனார் பாலனை வாங்கிக்கொண்டாள். துண்டை மட்டும் பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு அன்று, பூசை முடிந்ததும், தையற்காரி பங்குச்சாமியாரைத் தேடிப் போனாள். பூசை உடுப்பு மாற்றும் அறையில் அவர் இளஞ்சிவப்பு மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த ஒரு ஞாயிறுக்கு மட்டும் வெளியே வரும் அங்கி. அதன் ஓரம் பிரிந்திருந்ததைப் போன வாரம் அவள்தான் மடித்துத் தைத்திருந்தாள். சாமியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. குடில் வேலை, பாடல் ஒத்திகை, வீடுவீடாகப் பாடப் போகும் குழுவுக்குள் சண்டை, பாவசங்கீர்த்தனத்தில் பாவம் சொல்ல வரிசை கட்டி நிற்கும் கூட்டம் என்று மனிதர் ஓய்ந்துபோயிருந்தார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார்.

"திருச்சபையில அப்படி எந்தச் சட்டமும் இல்லம்மா. விதவைன்னா ஆகாதுன்னு எங்கயும் எழுதல."

"அப்ப அத ஒரு வார்த்த பூசைல சொல்லலாமே சாமி."

"சொல்லலாம்." இன்னொரு மடக்கு. "சங்கத்துப் பொம்பளைங்க கோவிச்சுக்கிட்டா குடில் யாரு வைக்கிறது, ஏழைங்களுக்குத் துணி யாரு கட்டிக் குடுக்கிறது? திருநாள் சமாதானமாப் போகட்டும். தையில பாத்துக்கலாம்."

"தையில பாலனப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிடுவாங்க சாமி."

அவர் அங்கியை மடிக்கத் தொடங்கினார். அவள் போயிருக்கலாம். ஆனால் கால் நகரவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா? வீட்டுக்காரர் சூசையப்பர் செத்ததுக்கப்பறம் மாதா யாரு சாமி?"

சாமியார் அங்கியை மடிப்பதை நிறுத்தினார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. "நீ சொல்றது உண்மைதாம்மா" என்றார். "ஆனா..." என்று இழுத்தார். அந்த 'ஆனா'வுக்கு மேல் அவரும் போகவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர் மடித்து வைத்த அங்கியில் கை சுருண்டிருந்தது. அவள் அதை எடுத்து உதறி, ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு வந்தாள்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் கோயில் கழுவினார்கள். சங்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பீடத்துக்குப் பூ வைக்க ஒரு கூட்டம், குடிலுக்கு வைக்கோல் பரப்ப ஒரு கூட்டம். தையற்காரி குடில் பக்கம் போனதும் ஒருத்தி அவசரமாக வந்து கையில் துடைப்பத்தைக் கொடுத்தாள். "அக்கா, நீங்க தரையப் பாத்துக்கறீங்களா?" என்றாள். தரைக்குத் தோஷம் கிடையாது போலிருக்கிறது. கடைசி பெஞ்சிலிருந்து பீடத்துப் படி வரை அவள்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்துக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

உடுப்பை முந்தின வாரமே கொடுத்தனுப்பியிருந்தாள். சொன்னபடி முழுதாக, பொத்தான் இல்லாமல், மணிக்கட்டில் சரிகை வைத்து. எந்தக் குறையும் இல்லாத உடுப்பு, கை மடங்குகிற குழந்தையாக இருந்தால்.

வயதானவர்களுக்காக அந்தப் பங்கில் நள்ளிரவுப் பாலன் பூசையை மாலைக்கே மாற்றியிருந்தார்கள். மணி அடிக்கத் தொடங்கியபோது அவள் சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. நாத்தனார் மகன் கோட்டும் சூட்டுமாக நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"அத்தை, உடனே வாங்க. உடுப்பு மாட்ட மாட்டேங்குது. ஒரு கை போனா இன்னொரு கை போகல. அம்மா இழுத்த இழுப்புல அக்குள்ல கிழிஞ்சிருச்சு."

"உன் பொண்டாட்டி?"

"அழுதுட்டே இருக்கா. உடுப்பு கிழிஞ்சது அபசகுனமாம். இந்த தடவையும் தங்காதுன்னு..." அவன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான்.

தையற்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குறை வரக்கூடாது என்று தன்னிடமிருந்து பறித்துக்கொண்டு போன இடத்தில்தான் குறை வந்திருக்கிறது. அதற்குள் அந்தச் சின்னப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. ஊசிப் பெட்டியை எடுத்தாள்.

பூசை உடுப்பு அறையில் பாலன் வெறும் உடம்போடு மேசை மேல் கிடந்தார். ஒரு கையில் மட்டும் சாட்டின் தொங்கியது. மருமகள் மூலையில் நாற்காலியில் சுருண்டிருந்தாள். நாத்தனார் தையற்காரியின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"வந்துட்டியா. இங்கயே உக்காந்து சீக்கிரம் தைச்சுடு. நான் கதவச் சாத்திட்டு வெளிய நிக்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

தையற்காரி கதவைப் பார்த்தாள், பாலனைப் பார்த்தாள். கை வேண்டும், கைக்கு உரியவளைத்தான் யாரும் பார்க்கக் கூடாது. இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தெரியாத ஒரு தெம்பு அப்போது வந்தது. பெரிய தெம்பு இல்லை. நாலு எட்டு நடக்கப் போதுமான தெம்பு.

"இங்க வெளிச்சம் பத்தல அண்ணி."

தலைக்கு மேலே குழல் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதை மாட்டியதே அவள் புருஷன்தான். எலக்ட்ரீசியன். கோயிலில் எந்த விளக்கு எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியாதா?

"என்ன வெளிச்சம் பத்தல? நல்லாத்தானே எரியுது."

"எனக்குப் பத்தல."

பாலனைக் கையில் எடுத்தாள். ஊசிப் பெட்டியை இடுக்கிக்கொண்டாள். கோயிலுக்குள் திறக்கும் கதவைத் தோளால் தள்ளினாள்.

"சொன்னாக் கேளு" என்று பின்னால் குரல் வந்தது. ஆனால் கோயில் நிறைந்திருந்தது. தலைவி குரலை உயர்த்த முடியாது.

முதல் பெஞ்சில், பீடத்து விளக்குகளுக்கு நேர் கீழே, தையற்காரி உட்கார்ந்தாள். பாலனை மடியில் மல்லாத்தினாள். கிழிந்த உடுப்பின் பக்கவாட்டுத் தையலைப் பிரித்தாள். கையைப் பிரித்தாள். முன் துண்டை மேலே போட்டு, பின் துண்டைக் கீழே கொடுத்து, அக்குளிலிருந்து தைக்க ஆரம்பித்தாள். ஊசியில் நூல் முதல் தடவையிலேயே கோர்த்துக்கொண்டது.

செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். "யாரு அது?" என்று ஒரு பெஞ்சு கேட்க, "அவதான்" என்று அடுத்த பெஞ்சு சொன்னது. "விதவை மடியிலயா?" என்றாள் ஒருத்தி. "இத்தன வருஷமும் அந்த மடிதானே?" என்றாள் இன்னொருத்தி. காலையில் அவளிடம் துடைப்பம் கொடுத்தவள் செபப் புத்தகத்தில் எதையோ தேட ஆரம்பித்தாள். பாடகர் குழு வருகைப் பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து பாடியது. வாசலில் சாம்பிராணியோடு பவனிக்குத் தயாராக நின்ற சாமியார் எட்டிப் பார்த்தார். நிலவரம் விளங்கியது. யாரையும் அனுப்பி அவசரப்படுத்தவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து காத்திருந்தார். அந்த வருஷம் அவர் செய்த பெரிய காரியம் அதுதான்.

தையற்காரி அவசரப்படவில்லை. வேண்டுமென்று தாமதிக்கவும் இல்லை. எப்போதும் வீட்டில் எப்படித் தைப்பாளோ அப்படியே தைத்தாள். இரண்டாவது கைக்கு வந்தபோது பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். மருமகள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அத்தை, நான் பிடிச்சுக்கவா?"

"உன் மாமியார் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றாள் அந்தப் பெண், மிகவும் மெல்லிய குரலில். பாலனின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசித் தையலுக்கு முடிச்சுப் போட்டு, கத்தரி எடுக்காமல் குனிந்து பல்லால் நூலைக் கடித்தாள் தையற்காரி. பின்னாலிருந்து பார்த்தவர்கள் அவள் முத்தம் கொடுத்ததாக நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது முழுக்கத் தவறும் இல்லை. பிறகு பாலனைத் தூக்கி மருமகள் கையில் வைத்தாள்.

"தலையப் பிடிச்சுக்க. பயப்படாத. துணிதானே கிழிஞ்சுது, தைச்சாச்சு."

பவனி வந்தது. நாத்தனாரின் மகனும் மருமகளும் பாலனைக் குடிலில் கிடத்தினார்கள். பூசையும் முடிந்தது. சாமியார் பிரசங்கத்தில் மாதாவுக்கும் சூசையப்பருக்கும் சத்திரத்தில் இடம் கிடைக்காத கதையைச் சொன்னார். எல்லோரும் உருக்கமாகக் கேட்டார்கள்.

வெளியே மழை விட்டிருந்தது. ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த சங்கத்துப் பெண்களுக்கு நடுவே நாத்தனார் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பாவம், அவளுக்குக் கண்ணு மங்கிருச்சு. உள்ள வெளிச்சம் பத்தலன்னு வெளிய வந்து உக்காந்துட்டா. வேற ஒண்ணுமில்ல." தையற்காரி ஊசிப் பெட்டியோடு படி இறங்குவதைப் பார்த்ததும், இவளுக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் ஏற்றினாள்.

"அடுத்த வருஷம் யாருக்கும் இந்தச் சிரமம் வேண்டாம். கடையிலயே ரெடிமேடா ஒரு உடுப்பு வாங்கிடலாம்."

தையற்காரி நின்றாள். உடம்பெல்லாம் அசந்து போயிருந்தது. சும்மா போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"தாராளமா வாங்குங்க அண்ணி" என்றாள். "ஆனா அதுக்கு முன்னாடி, கைய விரிச்சு வச்சிருக்காரே, அவர்கிட்ட மடக்கிக்கச் சொல்லிட்டு வாங்குங்க."

சொல்லிவிட்டு, தேங்கியிருந்த தண்ணீரில் சேலை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.