முப்பது டிக்

அலுவலகத்தில் அவனுக்கு நாலரை என்று பெயர். அம்மா வைத்த பெயர் வேறு இருக்கிறது, அது சம்பளப் பட்டியலில் மட்டும் வரும். வாரப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் அவனுடையது. அன்றாட வேலைகளை ஒழுங்காகச் செய்ய உதவும் ஆப், கடிகாரம், கருவி என்று எது சந்தைக்கு வந்தாலும் அவன் பார்த்து எழுதி, கடைசியில் நட்சத்திரம் போடுவான். ஐந்து போட்டால் கம்பெனிக்காரன் ஆள் என்பார்கள். நாலு போட்டால் கம்பெனிக்காரன் அடுத்த முறை கருவி அனுப்ப மாட்டான். அதனால் எது வந்தாலும் நாலரை. ஒரு முறை வேலையே செய்யாத ஒரு விளக்குக்குக்கூட நாலரை போட்டிருக்கிறான், வடிவம் அழகு என்று.

அவனுடைய மேசையைப் பார்த்தால் சிரிப்பு வரும். எழுந்து நடந்தால்தான் வாயை மூடும் அலாரம், தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கத்தும் பாட்டில், எழுதியதைத் தானே படமெடுத்து அடுக்கிவைக்கும் நோட்டு. இத்தனைக்கும் நடுவில், எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தினமும் அரை மணி நேரம் வீட்டுச் சாவியைத் தேடும் ஆள் அவன்.

பக்கத்தின் தலைப்பு, 'முப்பது நாள் பழகிப் பார்த்தேன்'. பழகியதெல்லாம் ஒரு மதியம்தான். அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். புதிய ஆப்பில் நாலு வேலைகளைப் பதிவு செய்வான். போனின் தேதியைப் பின்னால் இழுத்து ஒன்றாம் தேதிக்குக் கொண்டுபோவான். எல்லா வேலைக்கும் முடிந்தது என்று டிக் போடுவான். திரும்பத் தேதியை இரண்டாக்குவான், மறுபடி டிக். டீ ஆறுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். முப்பதாவது நாளில் ஆப்பே காகிதப் பூ தூவி, 'விடாமுயற்சிக்கு வாழ்த்துகள்' என்று சொல்லும். அதைப் படமெடுத்துக் கட்டுரையின் நடுவில் பெரிதாகப் போடுவான்.

அந்த முறையும் அப்படித்தான். தண்ணீர் எட்டு டம்ளர், அரை மணி நடை, இருபது பக்கம் படிப்பு என்று மூன்று வேலைகள் எழுதிவிட்டான். திரையில் நாலாவது இடம் வெறுமையாகத் தெரிந்தது. படத்துக்கு நன்றாக இருக்காதே என்று யோசித்து, 'காலை பத்து மணி: அம்மாவுக்கு போன்' என்று தட்டினான். முப்பது நாளுக்கும் வாய் கூசாமல், கை கூசாமல், டிக் போட்டு முடிக்க அவனுக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது.

பத்திரிகை நாலாம் தேதி சனிக்கிழமை வந்தது. வாசகர் கடிதங்கள் குவிந்தன. பொறுப்பாசிரியை அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தண்ணி, நடையெல்லாம் யார் வேணாலும் எழுதிடுவாங்க. அம்மாவுக்கு போன்னு ஒரு வரி போட்டீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க. எங்க வீட்டுல எல்லாருமே அதைப் பத்திப் பேசினோம்."

"அதுல என்ன மேடம் இருக்கு, எல்லாரும் பண்றதுதானே" என்றான் நாலரை. சொல்லும்போது உள்ளே எங்கோ சுருக்கென்றது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, கடிதங்களைத் தன் மேசைக்கு எடுத்துப் போய் இரண்டு முறை படித்தான்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம், புதன்கிழமை மதியம், அம்மாவே கூப்பிட்டாள். அம்மா இரண்டரை மணி நேர பஸ் தூரத்தில் தனியாக இருந்தாள். ஓர் அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று சொல்வார்களே, அது அவளைப் பார்த்துச் சொன்னது மாதிரி இருக்கும். மகனுடைய பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பாள், படத்துக்குள் இருக்கும் பொடி எழுத்து உட்பட.

"வேலையா இருக்கியாப்பா? ஒரு நிமிஷம்தான். என் போன்ல ஏதோ கோளாறு. நான் பேசினா போகுது, மத்தவங்க கால் வருது. நீ பண்றது மட்டும் வரவே மாட்டேங்குது."

நாலரைக்குப் புரியவில்லை. "எது வரலை?"

"நீ தினமும் பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்கே. பத்திரிகையில பார்த்தேனே, முப்பது டிக். எனக்கு ஒண்ணுகூட அடிக்கலைப்பா. அம்மா வேணும்னே எடுக்கலைன்னு நினைச்சுட்டியோன்னு எனக்கு ஒரே வேதனை. ரிப்பேர் கடைக்கு மூணு தடவை போயிட்டேன். அந்த ஆளு முதல்ல தூசின்னான், அப்புறம் ஒண்ணுமே இல்லைன்னான்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிடமே போதும். "நான் சனிக்கிழமை நேர்ல வந்து பார்க்கிறேம்மா" என்றான். அவள் குரலில் பொங்கிய சந்தோஷத்தைக் கேட்டபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமை போனான். வீட்டில் எல்லாம் போனைச் சுற்றி இடம் மாறியிருந்தது. அடுப்பங்கரையில் மசாலா டப்பாக்களை நகர்த்தி அதற்கு ஓர் இடம். படுக்கையருகே மடித்த துண்டின் மேல் ஓர் இடம். குளியலறை வாசலில் ஒரு ஸ்டூல், அதிலும் ஒரு துண்டு.

"குளிக்கிறப்ப அடிச்சா கேட்கணுமேன்னு" என்றாள் அம்மா, அவன் கேட்காமலே.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவனுடைய பக்கம் இருந்தது. கட்டுரையில் இரண்டு இடத்தில் சிவப்பு பென்சிலால் பிழை குறித்திருந்தாள். படத்தின் மேல் ஒரு கோடுகூட இல்லை. அச்சில் வரும் ஒவ்வொரு வரியையும் மூன்று பேர் பார்த்திருப்பார்கள் என்று நம்பி வாழ்ந்தவள் அவள். அச்சு தப்பா, போன் தப்பா என்று வந்தபோது, தப்பு போன் மேல்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"உண்மையைச் சொல்லட்டுமா? அதைப் பார்க்கிற வரைக்கும் நீ என்னை மறந்துட்டேன்னுதான் நினைச்சிருந்தேன். பார்த்ததும் எப்படி இருந்தது தெரியுமா? கெட்டுப்போனது போன்தான், என் பிள்ளை இல்லைன்னு" என்று சிரித்தாள். "வா, கடைக்குப் போவோம். உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே, அந்த ஆளுக்கு நீயே எடுத்துச் சொல்லு."

கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதன் பின்னால் தலையில் விளக்கு கட்டிய ரிப்பேர்காரர். அம்மா அவர் முன்னால் மகனை நிறுத்திய விதம், போலீஸ்காரரைக் கூட்டிவந்து நிறுத்தியது போல இருந்தது.

"இவன்தான் என் மகன். பத்திரிகையில எழுதுறான். இப்ப சொல்லுங்க, கோளாறு இல்லைன்னு."

ரிப்பேர்காரர் விளக்கை அணைத்துவிட்டு அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஓர் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டவர் பார்க்கும் பார்வை அது. "நீங்களே பாருங்க சார்" என்று போனை நீட்டினார்.

கால் பட்டியல் திறந்தது. காய்கறிக்காரர், மாடி வீட்டுக்காரி, கண் ஆஸ்பத்திரி. அவன் பெயர் புதன்கிழமை ஒரே ஒரு முறை, அதுவும் அவள் கூப்பிட்டது. அம்மா பக்கத்திலேயே நின்று அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேட்டரி மாத்தினீங்களா?" என்று கேட்டான் நாலரை.

"ரெண்டாவது தடவை அம்மா வந்தப்ப மாத்தினேன்."

"அதான். சரியா உட்காரலை. அதனால சில கால் மட்டும் உள்ள வராது."

உலகத்தில் எந்தப் போனிலும் நடக்காத விஷயம் இது. அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரிப்பேர்காரர் போனை வாங்கி, மூடியைத் திறந்து, ஒன்றும் செய்யாமல் மூடினார். "சரி சார். நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

தெருவில் இறங்கியதும் அம்மாவுக்குப் பேச்சு தாங்கவில்லை. "பார்த்தியா, வாயே திறக்கலை! மூணு தடவை என்னை அலைய விட்டான். மாடி வீட்டுக்காரிகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன், அந்தக் கடைப் பக்கமே யாரும் போகாதீங்கன்னு. நல்ல ஆளுன்னு நினைச்சேன், இப்படியாப்பா ஏமாத்துவாங்க?"

நாலரையின் கால் நின்றுவிட்டது. அவமானம் இவ்வளவு நேரமும் அவனுக்குள்தான் இருந்தது, எப்படியோ சமாளித்துக்கொண்டு நடந்தான். இப்போது அதை ஒரு பாவப்பட்ட மனிதரின் கடை வாசலில் கொட்டிவிட்டு வந்திருக்கிறான். அது பொறுக்கவில்லை.

"அம்மா, அவர் மேல தப்பே இல்லை."

"என்னப்பா சொல்றே?"

"பேட்டரியெல்லாம் பொய். உன் போன்ல ஒண்ணும் இல்லை. நான் கூப்பிடவே இல்லம்மா. ஒரு நாள்கூட."

அவள் பக்கத்திலிருந்த பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அப்ப அந்த டிக்?"

"தேதியை மாத்தி மாத்தி நானே போட்டது. ஒரே மதியம். படத்துக்காக."

"முப்பதுமா?"

"முப்பதும்."

கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். அதன் முகத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். "அப்போ இது நல்லாத்தான் இருக்கு" என்றாள். அழுதிருந்தால், நாலு பேர் பார்க்க அறைந்திருந்தால் அவனுக்குத் தேவலை. ஒரு பஸ் வந்து, நின்று, ஆள் ஏறாமல் போனது. குனிந்த தலையை நிமிர்த்த அவனால் முடியவில்லை.

"முதல்ல அந்தக் கடைக்குப் போயிட்டு வா" என்றாள் கடைசியில். "நான் வீட்டுல இருக்கேன்."

திரும்பப் போனான். வாசலிலேயே ஆரம்பித்து, பாதியில் தடுமாறி, ஒரு வழியாகச் சொல்லி முடித்தான்.

"தெரியும் சார்" என்றார் ரிப்பேர்காரர். "முதல் தடவையே கால் லிஸ்ட்டைப் பார்த்தேனே. பையன் எழுதின பேப்பரையும் அம்மா கையோட கொண்டு வந்து காட்டினாங்க. அவங்ககிட்ட எப்படி சார் சொல்றது? தூசின்னு சொல்லி அனுப்பினேன். அப்புறம் பேட்டரி. மூணாவது தடவை சொல்றதுக்கு ஒண்ணும் தோணலை." தலை விளக்கைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் குனிந்தார். "நீங்க பேட்டரின்னதும் விட்டுட்டேன். எனக்குக் கெட்ட பேர் வந்தா வருது, அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்னு."

யாரோ ஒருவர் அவனுடைய அம்மாவின் மனதைப் பத்து நாளாகப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெற்ற பிள்ளை தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, தெருவில் எதிரே வந்தவர்களின் முகத்தைக்கூட அவனால் பார்க்க முடியவில்லை.

வீட்டில் ஸ்டூல் அதன் பழைய இடத்துக்குப் போயிருந்தது. துண்டுகள் கொடியில் தொங்கின. போன், மின்விசிறி ஓடாத உள்ளறையில், அலமாரி மேல் கிடந்தது. அம்மா மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்திருந்தாள். அவள் கையில் சீவிய சிவப்பு பென்சில்.

"அச்சுல தப்பு வந்தா என்ன பண்ணுவீங்க உங்க ஆபீஸ்ல?"

"திருத்தம் போடுவோம்."

"எழுது."

"அம்மா, இதை எழுதிக் கொடுத்தா என் பக்கம் போயிடும். வேலையே போனாலும் போகும்."

"போகும்" என்றாள், பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டே. "அதுக்காக அப்படியே விட்டுடறதா? அதைப் படிச்சுட்டு, நம்ம பிள்ளையும் கூப்பிட்டிருக்கும்னு நம்பி எத்தனை அம்மா போனைத் தூக்கிட்டு ரிப்பேர் கடைக்கு நடக்கிறாளோ."

அவன் எழுதினான். பழக்க தோஷம், வழவழவென்றுதான் வந்தது. 'நாலாம் தேதி இதழில் வெளியான படம் மாதிரிக்காகத் தயாரிக்கப்பட்டது. அதில் குறிப்பிட்டபடி சில நாட்கள் அம்மாவுடன் பேச இயலவில்லை. வருந்துகிறோம்.'

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மகன் என்று பார்க்கவில்லை, அச்சகத்தில் உட்கார்ந்து எவனோ ஒருவனுடைய தாளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"தயாரிச்சது யாரு?"

'நான் தயாரித்தேன்' என்று மாற்றினான்.

"யார் யார் வருந்துறீங்க? நீ ஒருத்தன்தானே."

'வருந்துகிறேன்' என்று மாற்றினான்.

"இயலலையா? உன்னை யாராவது கட்டிப்போட்டிருந்தாங்களா?"

'பேச இயலவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'பேசவில்லை' என்று எழுதினான். பிறகு, அவள் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று, 'சில' என்ற சொல்லையும் அடித்து அதன் மேல் 'முப்பது' என்று எழுதினான். இனி இதில் பொய் எதுவும் இல்லை என்று நினைத்துத் தாளை அவள் பக்கம் தள்ளினான்.

அம்மா அந்த முப்பதின் மேல் சிவப்பு பென்சிலை வைத்தாள். காலண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை, விரல்விட்டு எண்ணவும் இல்லை. அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, ஓரத்தில் அச்சுக்கோக்கிறவனுக்கு எழுதுவது போலத் தெளிவாக எழுதினாள்: எழுபத்து மூன்று.