தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும்

அமெரிக்காவில் எங்கள் வடக்கு டகோட்டாப் பக்கம் நிலம் வைத்திருப்பவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டால், மோதிரத்துக்கு முன்னால், சொத்து யாருக்கு என்ற ஒப்பந்தப் பத்திரம் வந்துவிடும். அதில் தவறும் இல்லை. நான்கு தலைமுறை உழுத கோதுமை நிலத்தை நேற்று வந்தவளிடம் தூக்கிக் கொடுக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் ஆர்லிஸ் ட்வெட்டுக்கு அது தெரியாததல்ல. அறுபத்திரண்டு வயதில் அவளுக்கு ஏக்கர் ஆசையெல்லாம் கிடையாது. பத்தொன்பது வருடம் தனியாகச் சாப்பிட்டுச் சலித்துப் போனவள். மேசைக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தாள்.

சனிக்கிழமை கல்யாணம். புதன்கிழமை வக்கீல் ஆபீஸ். ஆளுக்கொரு வக்கீல் என்பதுதான் முறை. அதனால் அறுபத்தெட்டு வயது மாப்பிள்ளை வெர்லின் ஹாவ்கன் அவளை இறக்கிவிட்டு, வாசலில் டிரக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆர்லிஸின் வக்கீல் பிரெண்டா பத்திரத்தைப் படித்துக்கொண்டே வந்து ஏழாவது பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஏங்க ஆர்லிஸ், இதப் பாத்தீங்களா? அவர் இறந்துட்டா தொண்ணூறு நாளுக்குள்ள நீங்க வீட்டக் காலி பண்ணணுமாம்."

"நிலம் பிள்ளைங்களுக்குன்னாங்க. வீடுமா?"

"வீடும்தான். உங்க காலம் வரைக்கும் இருந்துக்கலாம், அப்புறம் பிள்ளைங்களுக்குன்னு ஒரு வரி சேத்தா போதும். ஊர்ல எல்லாரும் செய்யறதுதான். போய்க் கேட்டுட்டு வாங்க."

ஆர்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு போய் டிரக்கில் ஏறி விஷயத்தைச் சொன்னாள். வெர்லின் ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் முதல் மனைவி போனதிலிருந்து மகன் கர்ட் கிழித்த கோட்டை அவர் தாண்டியதில்லை.

"அது கர்ட் எழுதச் சொன்னது. மாத்தினா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்."

"நான் என்ன கர்ட்டையா கட்டிக்கப் போறேன்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நான் போனப்புறம் நீ திண்டாடுவியேன்னு யோசிக்காம இருப்பேனா?" என்று அவள் கையைப் பிடித்தார். "உன் வீட்டு ஓனர்கிட்ட பேசிட்டேன். ஹார்டுவேர் கடை மாடில இருக்கற உன் ரூம யாருக்கும் விடமாட்டார். வாடகை என் பொறுப்பு. நீ எப்ப வேணா திரும்பிப் போயிக்கலாம்."

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. ஆர்லிஸ் கையை உருவிக்கொண்டாள். மகன் துரத்துவது இருக்கட்டும். இந்த மனுஷர் அவளைத் திருப்பி அனுப்ப இடமே பிடித்து வைத்திருக்கிறார், அதுவும் பிரியமாக.

"தனியா இருந்து எனக்குப் பழக்கம், வெர்லின். இன்னொருத்தர் வீட்ல விருந்தாளியா இருந்து பழக்கமில்ல. இப்பவே உள்ள வந்து அந்த ஒரு வரியச் சேக்கச் சொல்லுங்க. கர்ட்டக் கேக்காம."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு..."

அவள் இறங்கி உள்ளே போனாள். கையெழுத்தும் இல்லை, கல்யாணமும் இல்லை என்று பிரெண்டாவிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஏறு, கொண்டுபோய் விடறேன்" என்றார் வெர்லின், கண்ணாடியை இறக்கி.

"நடந்தே போயிக்கறேன்."

செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பனி உறைந்த நடைபாதையில், அறுபத்தெட்டு வயது ஆள் எட்டி வந்து பிடித்துவிடக்கூடிய வேகத்தில்தான் நடந்தாள். நான்கு தெரு வரைக்கும் அப்படியே நடந்தாள். யாரும் வரவில்லை.