ஒரு டேப்பின் கனம்

அந்த மாதங்களில் என் காலை இப்படித்தான் இருந்தது. எழுவேன். காபி போடுவேன். நாயை வெளியே விடுவேன். அது வேலியோரம் போய்விட்டு வரும். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விட்டுவிட்டு, முன்கண்ணாடியில் உறைந்திருப்பதைச் சுரண்டுவேன். உள்ளே வந்து கையைக் கழுவித் துடைப்பேன். சமையலறை மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளர் கவிழ்ந்திருக்கும். அதைத் தூக்கி, அடியில் இருப்பதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். திரும்ப வைத்து மூடுவேன். ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன்.

தம்ளருக்கு அடியில் இருந்தது ஒரு கேஜ். தோட்டாவின் வடிவத்திலேயே கடைந்த எஃகுத் துண்டு. துப்பாக்கியின் குழலை உடலுக்குள் எவ்வளவு தூரம் திருகுவது என்பதை அதுதான் சொல்லும். அதை உள்ளே வைத்தால், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் மூட வேண்டும். அதன் பின்புறத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்தால் மூடக் கூடாது. அந்த இரண்டாவது சோதனைக்குத் தனி கேஜ் விற்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பாதிப் பேர் அதை வாங்குவதில்லை. டேப் போதும்.

என் மனைவி பிரென்னாவும் டேப்தான் ஒட்டியிருந்தாள். ஒட்டும்போது பசைப் பக்கத்தில் அவள் கட்டைவிரல் பட்டு, ரேகை அப்படியே உள்ளே அடைபட்டுவிட்டது. சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள் சில வளைகோடுகள். அவளுடைய கோட்டு, பூட்ஸ், சீப்பு எல்லாம் வீட்டில் இருந்தன. அவை அவள் பயன்படுத்தியவை. இது மட்டும் அவள்.

ஜனவரியில், கிளினிக்குக்கு வேலைக்குப் போகும் வழியில், கண்ணுக்குத் தெரியாத பனித்தகட்டில் அவள் வண்டி சறுக்கி, எதிரே வந்த மாட்டு லாரியில் மோதியது. கல்யாணமாகி மூன்றாவது குளிர்காலம்.

சவ அடக்கத்தன்று அவள் அப்பா ஓரின் எழுந்து நின்றார். எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் பள்ளத்தாக்கில் தொலைதூரத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலருக்கு அவர்தான் பாகங்களைப் பூட்டிக் கொடுத்திருக்கிறார்.

"அன்னைக்குக் காலையில கிளம்புறப்போ எம்பொண்ணு அவ புருஷன்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுத்தான் போனா," என்றார். "'ஆஷர், அந்தத் துப்பாக்கிய நீ முடிச்சிடு. எனக்காக ஒரு குண்டு போடு.' அதான் அவ கடைசிப் பேச்சு."

தேவாலயமே அழுதது. போதகர் அதையே எடுத்துக்கொண்டு ஜெபித்தார். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஓரின் என்னிடம் கேட்கவும் இல்லை. நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டும்.

அடுத்த வாரமே துப்பாக்கி கிளப்பில் முடிவு செய்துவிட்டார்கள். ஜூன் மாதம் பிரென்னா நினைவுப் போட்டி. ஆயிரம் கஜம். முதல் குண்டு நான் போட வேண்டும், அவளுடைய துப்பாக்கியால். சட்டைகள் அச்சடித்தார்கள். முதுகில் பெரிய எழுத்தில்: எனக்காக ஒரு குண்டு போடு.

துப்பாக்கி அப்போது பாகங்களாக கராஜில் கிடந்தது. சிறுமியாக இருந்தபோதிலிருந்து அவள் சுட்ட ஒவ்வொரு துப்பாக்கியும் ஓரின் செய்தது. ஒன்றாவது அவர் கை படாமல் இருக்க வேண்டும் என்று, குழல் ஓரிடம், உடல் ஓரிடம், தோளில் அணைக்கும் கட்டை ஓரிடம் என்று தானே வரவழைத்தாள். தானே மாட்டுவது அவளுக்கும் அதுதான் முதல்முறை. அப்பாவைக் கராஜுக்குள் விடவில்லை. நான் மண்வளத் துறையில் வேலை பார்க்கிறவன். முயல்கூடச் சுட்டதில்லை.

ஓரின் வாரம் தவறாமல் கூப்பிட்டார்.

"என்ன புரொஃபசர், முடிச்சியா? முடியலன்னா பெட்டியோட தூக்கிட்டு வந்துடு. மத்தியானத்துக்குள்ள மாட்டித் தந்துடறேன்."

"நானே முடிக்கிறேன், ஓரின்."

"நீ கதவுக்குக் கீல் மாட்டினா கதவு கூரையப் பாத்துத் திறக்கும்டா."

"திறக்கட்டும்."

வேலை முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். குழலை மேசையோரத்து இரும்புப் பிடியான வைஸில் கடிக்க வைக்க, தோல் துண்டு சுற்றினேன். முதல்தடவை தோல் வழுக்கிக் குழலில் ஒரு கீறல் விழுந்தது. கட்டையின் திருகுகளை முன்பின்னாக மாட்டியதில், போல்ட் பாதியில் முட்டி நின்றது. கழற்றி மாற்றினேன். தொலைநோக்கி சாயாமல் உட்கார, கராஜ் கதவில் நூல்கட்டி நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதோடு குறுக்குக்கோட்டை ஒத்துப் பார்த்தேன். நூல் அசைவது நிற்கும்வரை மூச்சை அடக்க வேண்டியிருந்தது. அந்த நேரங்களில் வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. அதற்காகவே தொடர்ந்தேன்.

குழலை இறுக்குவதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். கேஜிலிருந்து டேப்பை உரித்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். எனக்குத் தெரியும். உரிக்கவில்லை. டேப்போடு உள்ளே வைத்து, போல்ட்டை மூடி, குழலை அது தொடும்வரை திருகி, குழலைப் பிடித்து நிறுத்தும் நட்டை இறுக்கினேன். குழல் ஒரு டேப் கனம் தள்ளி நின்றது. சுடுவதற்கு ஆபத்தில்லாத அளவுதான், படித்துப் பார்த்திருந்தேன். கேஜை வெளியே எடுத்தபோது டேப்பின் விளிம்பில் ஒரு தழும்பு. நடுவில் கோடுகள் இருந்தன. தம்ளருக்குள் வைத்தேன்.

மே மாதக் கடைசி ஞாயிறு, ஓரின் சொல்லாமல் வந்தார். கூடவே வெர்ல், கிளப்பில் சுடுகிறவர்களுக்குக் காற்றின் போக்கைப் பார்த்துச் சொல்கிறவர், ஓரினின் பழைய கூட்டாளி. நான் கராஜில் இருந்தேன். மறுபடி ஒருமுறை சரிபார்க்கலாம் என்று கேஜை அன்றைக்கு வெளியே எடுத்து வைத்திருந்தேன்.

"அட, துப்பாக்கி மாதிரியே இருக்கே!" என்றார் வெர்ல். "நான் ஏதோ புல்வெட்டுற மெஷின் வரும்னு நெனச்சேன்."

"இருடா, மூச்சு விடுதான்னு பாப்போம்," என்று ஓரின் தன் சட்டைப்பையிலிருந்து தன்னுடைய கேஜை எடுத்து உள்ளே தள்ளி, போல்ட்டை ஆட்டினார். காதைச் சாய்த்தார். "லூசா இருக்கு."

"அளவுக்குள்ளதான் இருக்கு, ஓரின்."

"அளவுக்குள்ளயா? எம்பொண்ணு துப்பாக்கிடா இது. அளவுக்குள்ள இருந்தாப் போதுமா?" மேசையில் இருந்த கேஜைப் பார்த்தார். எடுத்துத் திருப்பினார். சிரித்தார். "வெர்ல், இங்க பாரு. டேப்போடயே வெச்சு முறுக்கியிருக்கான்! காலேஜ்ல இதுக்குன்னு தனியா பாடம் இருக்கோ?"

பேசிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் டேப்பை உரித்தார். விரல்களுக்கு இடையில் உருட்டினார். சுண்டினார்.

அவர் ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தினார், தன் கேஜை வைத்தார், குழலைத் திருகினார், இறுக்கினார். சில நிமிட வேலை. அவர் கை படக் கூடாதென்று அவள் நினைத்த ஒரே துப்பாக்கி.

"இப்போ கேளு," என்று போல்ட்டை மூடினார். மெல்லிய, சுத்தமான சத்தம். "ஏன்டா, டேப்ப எடுக்கணும்னு கூடவா தெரியல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் விட்டே?"

"அதுல அவ கட்டைவிரல் ரேகை இருந்துச்சு."

வெர்ல் தொப்பியைக் கழற்றினார். ஓரின் ஸ்பேனரை வைத்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு முழங்காலில் இறங்கியது. சிமெண்டுத் தரையில், இரும்புத்தூளுக்கும் நாய் மயிருக்கும் நடுவில், உள்ளங்கையால் தடவித் தேடினார். வைஸின் அடியில் அது இருந்தது. விரல் நுனிகளால் பிரித்தார். பிரிய மறுத்ததை நகத்தால் நீவினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

ரேகை இருந்தது. அகலமான, தடித்த கோடுகள். அவருடையது.

அவர்கள் போன பிறகு தம்ளரைக் கழுவி அலமாரியில் வைத்தேன்.

ஜூனில் போட்டி நடந்தது. எல்லோரும் அந்தச் சட்டையில் வந்திருந்தார்கள். பர்கர் புகை மைதானத்தை மூடியிருந்தது. ஒலிபெருக்கியில் ஓரின், "இந்தத் துப்பாக்கிய எம்மருமகன் தன் கையாலேயே செஞ்சான்," என்றார். பிறகு அவளுடைய கடைசிப் பேச்சு என்று அதையே சொன்னார்.

பாயில் குப்புறப் படுத்தேன். பக்கத்தில் வெர்ல், இரண்டு வாரமாக எனக்குச் சுடப் பழக்கியவர், கொடிகளைப் பார்த்தபடி கிசுகிசுத்தார்: "காத்து கொஞ்சம் தணியுது. இடது ஓரத்துல வை. இன்னும் கொஞ்சம் தள்ளு. அப்படியே. எப்போ வேணாலும் போடு, தம்பி."

போட்டேன். இலக்காக நிறுத்திய இரும்புத்தகடு தொலைநோக்கியில் ஆடியது. சத்தம் நிதானமாக வந்து சேர்ந்தது. ஆட்கள் கத்தினார்கள். யாரோ, "பிரென்னா கேட்டிருப்பா!" என்றார்கள். என் முதுகில் பலர் தட்டினார்கள். ஒன்றும் தோன்றவில்லை. நல்ல துப்பாக்கி. ஓரின் இறுக்கியது.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் அவர் வந்தார். நான் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றார். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஆஷர்." அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகியிருந்தது. "அவ நிஜமா என்னப்பா சொன்னா?"

"எப்போ?"

"அன்னைக்குக் காலையில. கெளம்புறப்போ." கண்ணை என் மீதிருந்து எடுக்கவில்லை. "நான் சொன்னத அவ சொல்லியிருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லியிருப்பாளே. எனக்கு அது வேணும்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் முழங்காலில் நின்றதை நான் பார்த்திருந்தேன். ஆனால் கேட்டது அவர்.

அன்று அவளுக்கு நேரமாகிவிட்டிருந்தது. டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டிவிட்டு, கேஜை மேசையில் வைத்தாள். ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே. வாசற்கதவில் நின்று திரும்பினாள். அவள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"அந்த டேப்ப யாரும் தொடக் கூடாது, சாயங்காலம் வந்து நானே எடுத்துக்கறேன். ஃப்ரீசர்லேர்ந்து மான்கறிய எடுத்து வெளிய வை, நேத்து மாதிரி மறந்துடாத."