சேஷய்யர் மண்டபத்தில் நடக்காத கச்சேரி

எங்கள் மண்டபத்தில் மதுக் குப்பி திறந்தார்கள் என்று கிராமத்தில் பேச்சாக இருப்பதை அப்பாத்துரைதான் முதலில் வந்து சொன்னார். நான் பிரதட்சிணம் முடிக்கும்வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை.

"வெங்கிட்டு, ஒரு காரியம் கேக்கணும். கோபிக்கப்படாது."

"கேளும்."

"மண்டபத்துல கச்சேரி வெச்சேளாமே. எங்களையெல்லாம் விட்டுட்டேள். போட்டும், அது உங்க மரியாதை. ஆனா குப்பியும் கிளாஸுமா இருந்ததுன்னு பறயறாளே, அது உள்ளதுதானா?"

"என்ன கச்சேரி? யார் வெச்சா?"

அவர் வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்தார். கோயிலுக்குள் போனை எடுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருப்பதற்கு நேர் கீழேயே நின்று எடுத்தார். திரையில் என் தங்கை மகன் நாராயணின் முகம். அதன் கீழே இங்கிலீஷில், 'சேஷய்யர் மண்டபம், பாலக்காடு, நேரடி ஒலிப்பதிவு' என்று இருந்தது. அழுத்தினார். பியானோ வாசிக்கும் சத்தம் வந்தது. ஜாஸ் என்பார்களே, அது. நடுவில் கைத்தட்டல். பிறகு ஒரு விசில். பிறகு கண்ணாடி கிளாஸ் ஒன்றோடொன்று மோதும் சத்தம். ஒரு பெண் சிரித்தாள்.

எங்கள் கிராமத்தில் விசிலடிக்கக்கூடியவர்கள் யாரும் இல்லை. பல் இருப்பவர்களே குறைவு. ஆனால் அப்பாத்துரைக்கு அது தோன்றவில்லை.

இதில் எனக்கு என்ன வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சேஷய்யர் என் தாத்தா. மண்டபத்தைக் கட்டி கிராமத்துச் சமூகத்துக்கு எழுதிக் கொடுத்தபோது அவர் வைத்த நிபந்தனை, அங்கே எது நடந்தாலும் வீடு வீடாகப் போய் எல்லோரையும் அழைக்க வேண்டும். அசுத்தமானது எதுவும் உள்ளே நுழையக் கூடாது. இதைக் காப்பாற்றும் பொறுப்பு எங்கள் குடும்பத்துக்கு. அதனால் மண்டபத்துச் சாவி, எங்கள் பேச்சில் தாக்கோல், எங்களிடம். தாத்தாவுக்குப் பிறகு அப்பாவின் பூணூலில் தொங்கியது. அப்பாவுக்குப் பிறகு என்னுடையதில். தவறினால் தாக்கோலைச் சமூகம் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இதுவரை வாங்கும்படி யாரும் நடந்துகொண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாராயணைப் போனில் கூப்பிட்டேன். அவன் பெங்களூரில் இருக்கிறான். நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பியானோ வாசிக்கிறான். அதைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை. சொல்லத் தகுந்த வார்த்தை கிடைக்கவில்லை.

"எப்போடா மண்டபத்துல வாசிச்சே?"

"வாசிக்கலை மாமா." தயங்கவே இல்லை. "இங்கே ஒரு ரூம்ல வாசிச்சது. சுவர் பூரா ஸ்பாஞ்ச் ஒட்டின ரூம். மூணு பேர்தான் இருந்தோம்."

"அப்போ கை தட்டினது யாரு?"

"அது கிடைக்கும் மாமா. வாங்கலாம். சின்ன ஹால், பெரிய ஹால், கிளப், ஸ்டேடியம்னு வகை வகையா இருக்கும்."

"நீ எதை வாங்கினே?"

"கிளப்."

"எடா, ஹால்னு எழுதிட்டு கிளப்பை எதுக்கு வாங்கினே?"

"ஜாஸுக்கு அதாக்கும் சேரும். கிளாஸ் சத்தம் கேட்டாதான் ஒரு இது வரும்."

பொய் சொல்கிறவன் அதையாவது ஒழுங்காகச் சொல்லக் கூடாதா! ஸ்டேடியத்தை வாங்கியிருந்தால்கூட மானம் இந்த அளவுக்குப் போயிருக்காது.

"கொள்ளுத்தாத்தா பேரை ஏண்டா இழுத்தே?"

"ரூம்ல வாசிச்சேன்னா யாரும் கேக்கமாட்டா மாமா. ஆட்கள் நடுவுல வாசிச்சேன்னாதான் கேப்பா. ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்தப் பேர் நன்னா இருந்தது. இப்போ ஜெர்மனியில ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கா, இதைக் கேட்டுட்டு. ஞாயித்துக்கிழமை யோகத்துல யாராவது கேட்டா, நடந்ததுன்னு மாத்ரம் சொல்லிடுங்கோ."

இதை விசாரிக்கச் சமூகத்தார் யோகம் கூட்டப்போவது எனக்கே அப்போதுதான் தெரியும். பெங்களூரில் இருப்பவனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

போனை வைத்தபின் என் தங்கை பட்டு அடுக்களையிலிருந்து வந்தாள். புருஷன் போனபின் அவள் என்னோடுதான் இருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அண்ணா, அவனுக்கு இப்போதான் ஒரு நல்ல காலம் வந்திருக்கு."

"நடந்ததுன்னு சொன்னா, கிராமத்தை அழைக்காம, மண்டபத்துல கள்ளு குடிக்க விட்டேன்னு ஆகும். தாக்கோலைக் குடுன்னு கேப்பா. குடுக்கணும்."

"நடக்கலைன்னா?"

"உன் பிள்ளை பொய்யன்னு ஆகும்."

அவள் உள்ளே போனாள். இரண்டும் எங்கள் குடும்பத்துக்கு மானக்கேடுதான். ஆனால் பொய் சொன்ன பையனைத் திருத்தலாம். மண்டபத்தில் குப்பி திறந்தார்கள் என்கிற பேச்சை எந்தப் புண்ணியாகவாசனத்தாலும் கழுவ முடியாது. நடந்ததை நடந்தபடி சொல்வதென்று முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தை நானே திறந்தேன். நாராயண் காலை ரயிலில் வந்திறங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். சமூகத்துக்கு இப்போது செக்ரட்டரி சிவசங்கரி. காலேஜில் பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவள். புகாரைச் சுருக்கமாகச் சொன்னாள்: அழைப்பில்லாமல் கச்சேரி, மது, தாக்கோல்.

"வெங்கிடேஸ்வரன் மாமா, நீங்க என்ன சொல்லறேள்?"

நான் எழுந்தேன். ஆனால் எனக்கு முன்னால் அப்பாத்துரை எழுந்துவிட்டார்.

"அழைக்கலைன்னு யார் சொன்னா? நான் வந்திருந்தேனே."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"முன் வரிசையில இருந்தேன். என் பொண்ணு ஸ்ரீலேகா அமெரிக்காவிலேர்ந்து கூப்பிட்டா. 'அப்பா, நம்ம கிராமத்துக் கச்சேரியை இங்கே எல்லாரும் கேக்கறா, நீங்க போனேளா'ன்னா. போகாம இருப்பேனான்னு சொன்னேன்."

விஷயம் புரிந்தது. பெண்ணிடம், உன் அப்பனை யாரும் அழைக்கவில்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சம். ஒரு தடவை போனேன் என்று சொன்னபின் போகவில்லை என்று எப்படிச் சொல்வார்?

"அப்போ அந்த கிளாஸ் சத்தம்?" என்றாள் சிவசங்கரி.

"காப்பி டம்ளர்! டவராவுல வெச்சா சத்தம் வராதா?"

அதன் பிறகு தடுக்க ஆளில்லை. அழைக்கப்படாதவர் என்கிற பெயர் தனக்கு மட்டும் வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். மேலண்டை வரிசை வீட்டுக்காரர் ஒருவர், இரண்டாவது பாட்டு முடிந்ததும் தட்டியதில் தன் கையும் உண்டு என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு மாமி, "அந்தச் சிரிப்பு என்னோடதாக்கும்" என்று வெட்கப்பட்டாள். மண்டபத்தில் கொள்ளாத அளவுக்கு அன்றைக்குக் கூட்டம் வந்திருந்தது என்று ஆயிற்று. நான் பேசாமல் உட்கார்ந்தால் போதும். தாக்கோலும் போகாது, பையன் பேரும் கெடாது.

ஆனால் தாத்தா பேரைப் பொய்ச்சாட்சி வைத்துக் காப்பாற்றும் நிலைக்கு நாங்கள் இன்னும் வரவில்லை.

"கச்சேரியே நடக்கலை," என்றேன். "இந்த மண்டபத்துல யாரும் வாசிக்கலை, யாரும் கை தட்டலை, யாரும் காப்பி குடிக்கலை. அந்தக் கைத்தட்டல் காசு குடுத்து வாங்கினது. நாராயணா, எழுந்து சொல்லு."

அவன் எழுந்தான். என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அதற்குள் பட்டு பேசினாள். அவள் யோகத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"ஒண்ணும் நினைச்சுக்காதேங்கோ. அண்ணாவுக்கு இப்போல்லாம் மறந்து போறது."

என் கூடப் பிறந்தவள். சபை நடுவில். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். நாராயண் மெதுவாக உட்கார்ந்துவிட்டான்.

மண்டபமே ஒரு பெருமூச்சு விட்டது. என்னை அதுவரை கோபத்தோடு பார்த்தவர்களின் முகமெல்லாம் இளகியது. அந்த இளக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணும் மறக்கலை," என்றேன்.

அப்பாத்துரை என் தோளில் கை வைத்து, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார். "வெங்கிட்டு, இன்னிக்குக் காலம்பற என்ன பலகாரம்?"

"தோசை."

எல்லோரும் பட்டுவைப் பார்த்தார்கள்.

"அடை," என்றாள் பட்டு.

யோசித்துப் பார்த்தேன். அடைதான். இந்தக் கவலையில் எதைத் தின்றேன் என்று யார் பார்த்தார்கள்!

சிவசங்கரி மிகவும் மரியாதையாகப் பேசினாள். "குடும்பத்து மேல ஒரு குத்தமும் இல்லை. சேஷய்யர் பேர் அப்படியே இருக்கும். மாமா கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கட்டும். தாக்கோல் மாத்ரம் அப்பாத்துரை மாமாகிட்டே இருக்கட்டும்."

தப்பு செய்திருந்தால் போயிருக்க வேண்டிய தாக்கோல், நிஜத்தைச் சொன்னதற்காகப் போயிற்று. அவிழ்க்கும்போது முடிச்சு சிக்கிக்கொண்டது. உதவிக்கு வந்த கைகளைத் தள்ளிவிட்டு நானே அவிழ்த்துக் கொடுத்தேன். இடுப்பில் இடித்துக்கொண்டே இருக்கும் அந்த இரும்பு இல்லாமல் வீடுவரை நடப்பது எனக்குப் பழக்கமில்லை.

அன்றிலிருந்து என்னிடம் எல்லோரும் மெதுவாக, உரக்கப் பேசுகிறார்கள். ஞாபகசக்திக்கு என்று பிரம்மி நெய்யை மூன்று வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். பட்டு அதைத் தினமும் கிண்ணத்தில் வைக்கிறாள், நான் தொடுவதில்லை. கச்சேரி நடக்கவில்லை என்று நான் சொல்லச் சொல்ல என் நோய் முற்றிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. சொல்லாவிட்டால் குணமாகிவிட்டது என்கிறார்கள். இதற்கு நான் என்னதான் செய்வது?

நாராயண் ஜெர்மனிக்குப் போய்த் திரும்பி வந்தான். வந்தவன் நேராக என் முன்னால் நின்றான்.

"மாமா, அங்கே நன்னா வாசிச்சேன். ஆனா ஒவ்வொரு தடவை கை தட்டும்போதும் உங்க முகம் வந்துது. நான் மண்டபத்துல நிஜமாவே ஒரு தடவை வாசிக்கட்டுமா? அப்போ அது பொய் இல்லாம ஆயிடுமோல்லியோ?"

"ஆகாது. அன்னிக்கு நடக்காதது நடக்காததுதான்."

"சரி. இருந்தாலும் வாசிக்கறேன்."

"வாசி. ஆனா ஒரு வீடு விடாம நீயே போய் அழைக்கணும். குப்பி கிடையாது, விசில் கிடையாது. கை தட்டறதும் தட்டாததும் அவா இஷ்டம். தாக்கோலை அப்பாத்துரைகிட்டே போய்க் கேளு."

போனான். வெயிலில் தெருவின் இரண்டு வரிசை வீடுகளும் ஏறி இறங்கி அழைத்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் வீட்டுக்கும் வந்து, முறைப்படி என்னையும் அவன் அம்மாவையும் அழைத்தான். அதுவரைக்கும் சரி.

நேற்று சாயங்காலம் மண்டபத்துச் சுவரில் சமூகத்தார் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அப்பாத்துரை ஏற்பாடு. நாராயணின் பெயரும் நேரமும் சரியாக இருந்தன. மேலே கொட்டை எழுத்தில் 'சேஷய்யர் மண்டபத்தில் நாராயண் குழுவினரின் இரண்டாவது ஜாஸ் கச்சேரி' என்று போட்டிருந்தது.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். தெருவில் நான்கைந்து பேர் நின்று பார்த்தார்கள். பாவம் என்று அவர்களில் ஒருவர் சொன்னது நன்றாகவே கேட்டது. 'இரண்டாவது' என்ற வார்த்தையை, தாள் கிழியாதபடி, நேர்க்கோடாக அடித்தேன். அடித்த இடத்துக்கு மேலே 'முதல்' என்று எழுதினேன்.

பட்டு பின்னால் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "வாங்கோ அண்ணா, ஆத்துக்குப் போலாம்."

"கையை எடு பட்டு. ஆத்துக்கு வழி எனக்குத் தெரியும்."

அவள் கையை எடுத்தாள். போகும் வழியெல்லாம் ஒரு அடி பின்னாலேயே வந்தாள்.